குமுதவல்லியின் பசி

மில்பிடாஸ் நகரில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் வேலையில் இருந்த குமுதவல்லி, சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். 1998இல் வயிறு எரியத் தொடங்கியது. சோற்றைக் கண்டாலே குமட்டியது.

"கிட்னி போனா பசியும் போயிடும், விடுங்க" என்றார் கணவரிடம்.

கணவர் இன்பசேகரன் விடவில்லை. "எல்லாத்தையும் கிட்னி மேலயே போடாத. டெஸ்ட் பண்ணிடலாம்."

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த எண்டோஸ்கோப்பியில் இரைப்பைப் புண் தெரிந்தது. அங்கிருந்து எடுத்த திசுவில் புண்ணை உண்டாக்கும் கிருமியும் இருந்தது. டாக்டர் சிறுநீரக நிலைக்கேற்ற அளவில் மருந்து கொடுத்தார்.

மருந்து முடிந்த சில நாட்களில், வேலை விட்டு, அழைத்துப்போக வந்த கணவரின் காரில் ஏறியதும் குமுதவல்லி கேட்டார்: "வீட்ல சாப்பிட என்ன இருக்கு?"

இன்பசேகரன் வண்டியைக் கிளப்பாமல் அவரையே பார்த்தார்.

"உப்புமாதான் இருக்கு."

"போதும். சீக்கிரம் டிரைவ் பண்ணுங்க."