ஈயக் கண்மலர்

நல்லசாமி காலையில் ரப்பர்ப் பாலுக்காகப் பால்மரம் வெட்டுகிறவர், சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுகிற பூசாரி. மலாயாவில் கோலா கிளாவாங் போகிற மலைப்பாதையோரம் இருந்த அந்தத் தோட்டத்தில் அவரைக் குறை சொல்ல ஆளே கிடையாது. அப்பேர்ப்பட்ட மனுஷன்தான் ஜப்பான்காரன் காலத்தில் அம்மனுடைய கண்களையே எடுத்து விற்றார்.

திட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். தோட்டத்தில் யாருக்காவது கண்வலி வந்து குணமானால், வெள்ளித் தகட்டில் இரண்டு கண் செய்து அம்மனுக்குச் சாத்துவார்கள். கண்மலர் என்று பெயர். அப்படிச் சாத்தியவை ஒரு தட்டு நிறையச் சேர்ந்திருந்தன. அரிசி வரத்து நின்று, மரவள்ளிக் கிழங்கே சாப்பாடாகிப் போன வருஷம் நல்லசாமியின் பெண்சாதி செல்லம்மா கால் வீங்கிப் படுத்துவிட்டாள். அரிசிக் கஞ்சி ஊற்றினால் பிழைப்பாள் என்று யாரோ சொன்னார்கள். கண்மலர்களைத் துணியில் முடிந்துகொண்டு போய் டவுனில் ஒருவனிடம் கொடுத்து அரிசி வாங்கி வந்தார். தட்டு வெறுமையாகத் தெரியக் கூடாதே என்று, ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவனிடம் வெள்ளீயத் தகடு கேட்டு வாங்கி, தன் கையாலேயே கண்மலர் வெட்டி வைத்தார். பார்வைக்கு வித்தியாசம் தெரியவில்லை. செல்லம்மா பிழைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகுதான் தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயத்தில் கண்ணோய் இறங்கியது. பிள்ளைகள் கண்ணில் சீழ் கட்டி, விடிந்தால் இமை பிரியாமல் அலறின. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து என்று ஒரு சொட்டு கிடையாது. அங்கே வைத்தியம் பார்த்த டிரெசர் இராஜரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவர். மழைத்தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியைப் பிடித்துக் குளிரவைத்துக் கண்ணாடிச் சாடியில் ஊற்றினார். அதில் இரண்டு வெள்ளிக் கம்பிகளை ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டு, லாரி பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்தார். வெள்ளி கண்ணுக்குத் தெரியாத பொடியாக இறங்கி, தண்ணீர் வெளிர் மஞ்சளானது. அந்தச் சொட்டு மருந்தில் சில பிள்ளைகள் கண் திறந்தன. பிறகு கம்பி தேய்ந்து தீர்ந்து போனது.

பெண்கள் கொலுசுகளைக் கழற்றிக்கொண்டு ஓடினார்கள். டிரெசர் ஒவ்வொன்றாக உரசிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எல்லாத்திலையும் செம்பு கலந்து கிடக்கு. இதிலை எடுத்த தண்ணியைக் கண்ணிலை விட்டால் இருக்கிற பார்வையும் போயிடும். சுத்த வெள்ளி கொண்டு வாங்கோ."

அதே லயத்தில் இருந்த ராக்கம்மாவின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் ரோடு போடப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவளுக்கென்று மிஞ்சியது நாலு வயசு மகள் பஞ்சாலை மட்டும்தான். அந்தப் பிள்ளையின் கண்களும் ஒட்டிப் போனதும், அதைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்துவிட்டாள்.

"பூசாரி, அம்மங்கிட்ட இருக்கிற கண்மலரக் குடுங்க. எம்புள்ளைக்குக் கண்ணு தெறந்ததும் ரெட்டிப்பா செஞ்சு போட்டுர்றேன்."

நல்லசாமி தட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "அது அம்மன் சொத்து, தாயி. நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியுமா?"

"அப்ப பூக்கட்டிப் பாருங்க. அவளே சொல்லட்டும்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் அம்மனுக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. இரண்டிலும் சிவப்பையே வைத்துவிடலாமா என்று கை துடித்தது. அம்மன் கண்ணை விற்கத் துணிந்த கைக்கு அவள் வாயை அடைக்கத் துணிச்சல் வரவில்லை. சிவப்பைக் கொடு ஆத்தா, சிவப்பைக் கொடு என்று மனசுக்குள் கெஞ்சினார். பஞ்சாலை தடவித் தடவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

ராக்கம்மா கும்பிட்டு விழுந்தாள். நல்லசாமிக்கு அப்போதுதான் அந்தப் புத்திகெட்ட நினைப்பு வந்தது. ஈயம் என்று ஆத்தாவுக்குத் தெரியாதா? தெரிந்துதானே சரி என்கிறாள்? அப்படியென்றால் ஈயத்தையே வெள்ளியாக்கிக் காட்டப் போகிறாள். பாவி மனுஷன், உண்மையைச் சொல்ல வேண்டிய வாயால் மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு தட்டை நீட்டினார்.

கொலுசையெல்லாம் உரசிப் பார்த்த டிரெசர் இதை உரசவில்லை. "சாமிக்குச் சாத்தினதிலை ஆரும் கலப்படம் செய்வாங்களோ?" என்றார். தகடுகளைத் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தார். தண்ணீர் மஞ்சளாகவில்லை. சாம்பல் கரைத்தது போலக் கலங்கியது.

"தண்ணியிலை உப்புக் கிடக்குப் போலை."

கொட்டிவிட்டு மறுபடி ஆவி பிடித்தார், சாடியைக் கழுவினார், மறுபடி கரண்ட் கொடுத்தார். மறுபடியும் கலங்கல். அவருடைய சந்தேகம் தண்ணீர் மேல் போனது, சாடி மேல் போனது, பேட்டரி மேலும் போனது. தகட்டின் மேல் மட்டும் போகவே இல்லை. வாசலில் நின்ற நல்லசாமி சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்று தவித்தார்.

"பூசாரி, நீங்கள் என்ன சொல்லுறியள்?" என்று டிரெசரே கேட்டார்.

"ஆத்தா உத்தரவு குடுத்துட்டாளே, ஐயா" என்றுதான் வாயில் வந்தது.

அந்த வார்த்தையை நம்பிக் கலங்கலைத் துணியில் வடிகட்டிப் பஞ்சாலையின் கண்ணில் விட்டார்கள். காலையும் மாலையும் விட்டார்கள். சீழ் நிற்கவில்லை. கடைசியில் இமைகளைப் பிரித்துப் பார்த்தபோது கருவிழி இரண்டும் வெந்த மீனின் கண் போல வெளுத்திருந்தன. டிரெசர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

ராக்கம்மா யாரையும் ஏசவில்லை. அதுதான் நல்லசாமியை உயிரோடு கொன்றது. ஒருநாள் சாயங்காலம் பிள்ளையோடு கோயிலுக்கு வந்தவள், உள்ளே வராமல் வெளியிலேயே நின்றாள்.

"உள்ள வா, தாயி."

"வேணாம் பூசாரி. அம்மன் கண்ணப் புடுங்கி எம்புள்ளைக்குக் கேட்டேன். அதான் ஆத்தா இவ கண்ண எடுத்துக்கிட்டா. நான் செஞ்ச பாவத்துக்கு இது என்னா பண்ணுச்சு?"

நல்லசாமியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வெளியே ஓடி வந்து அவள் காலடியில் விழுந்தார். செல்லம்மா படுத்தது, அரிசி வாங்கியது, ஈயத் தகட்டை வெட்டியது, எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினார்.

"அது வெள்ளியே இல்ல, தாயி. நாந்தான் மாத்தி வச்சேன். பாவம் எனக்குத்தான், ஒனக்கில்ல."

ராக்கம்மா கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு குனிந்து அவரைத் தூக்கிவிட்டாள்.

"என்னத் தேத்துறதுக்காக இப்பிடியெல்லாம் பொய் சொல்லாதீங்க, பூசாரி. நீங்க அப்பிடிச் செய்யுற ஆளா?"

"சத்தியமாச் சொல்றேன் தாயி..."

"ஐயோ, சாமி முன்னாடி பொய்ச் சத்தியம் வேற பண்ணாதீங்க."

அவள் பஞ்சாலையின் கைகள் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, அம்மன் இருந்த பக்கமாகத் திருப்பி, மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.