காதுக்கு எட்டாத தூரம்

கண் பார்க்கலாம், காது கேட்கக் கூடாது. அது என்ன?

ஆடி வெயிலில் கறுப்புக் கோட்டுக்குள் வேகும் சக வக்கீல்களே, உங்களுக்கு விடை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: சிறையில் இருப்பவர் தன் வக்கீலிடம் பேசும் பேச்சு. காவலர் பார்த்துக்கொண்டு நிற்கலாம், ஒட்டுக்கேட்கக் கூடாது. பயங்கரவாத வழக்கானாலும் அப்படித்தான். நம் தொழிலில் பாதி, அந்தத் தூரத்தைக் கேட்டு வாங்குவதுதான்.

தள்ளி நின்றவர்

பத்தமடை காதர் மைக் செட்டும் சீரியல் விளக்கு செட்டும் வாடகைக்கு விடுபவர். அவரிடம் மைக் எடுத்துக் கூட்டம் போட்ட சிலர் பயங்கரவாத வழக்கில் கைதானார்கள். காதர் கடையில் வயர், பேட்டரி, ஒரு டைமர் போர்டு இருந்தன. வெடிகுண்டுச் சாமான் என்று அவரையும் கொண்டுபோய்விட்டார்கள்.

நான் பார்க்கப் போனபோது காதர் வாயே திறக்கவில்லை. பக்கத்திலேயே காவலர். சட்டத்தைச் சொன்னேன், கொஞ்சம் நகர்ந்தார். மறுபடி சொன்னேன், தூண் வரை போனார். இன்னும் என்றேன். முற்றத்து வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டு கத்தினார்: "இங்கன நிக்கது போதுமா சார்? இல்ல, தென்காசி பஸ் ஏறட்டுமா?"

எரிந்த எழுத்து

காவலர் தள்ளிப் போனதும் காதர் மடமடவென்று பேசினார். அந்த போர்டு, பந்தல் வாசலில் எழுத்து ஓடும் விளக்குக்கானது. அதே மாதிரி இன்னொன்று அவர் மகள் ஷாஹினாவின் பள்ளிக்கூட வாசலில் தொங்குகிறது.

ஜாமீன் விசாரணைக்கு அதை இரவல் வாங்கிப் போனேன். நீதிபதியின் அனுமதியோடு பிளக்கைச் செருகினேன். பச்சையும் சிவப்புமாக எழுத்துகள் ஒவ்வொன்றாய் எரிந்து, 'நல்வரவு' என்று நின்றன. அரசு வக்கீலே தன்னை மறந்து சிரித்துவிட்டார். வராந்தாவில் நின்ற கூட்டம் உள்ளே எட்டிப் பார்த்தது. நீதிபதி சொன்னார்: "அணைச்சிருங்க வக்கீல் சார், அடுத்த கேஸ்காரங்க உள்ள வந்துட்டாங்க."

கவுனும் தொப்பியும்

ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் சுதந்திர தினத்தன்று பள்ளிக்கூடத்தில் காதரின் மைக் செட்தான். கொடியேற்றுமுன் அவர் "ஹலோ, செக்" என்றது ஆற்றங்கரை வரை கேட்டிருக்கும்.

ஷாஹினாவுக்கு மாறுவேடப் போட்டி. நான் என் பழைய வக்கீல் கவுனைக் கொண்டுபோயிருந்தேன். டீச்சரிடம் ஒரு போலீஸ் தொப்பி இருந்தது.

"வக்கீல் மாமா, வாப்பாவுக்குக் கதவத் தொறந்தது நீங்களா?"

"நான் ஜாமீன் கேட்டேன். நீதிபதி கொடுத்தார். திறந்தது சிறைக்காவலர்."

"அப்போ நீங்க கேக்க மட்டுந்தான் செய்வியளா?"

கவுனை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, ஷாஹினா தொப்பியை எடுத்துக்கொண்டாள்.