நங்கூரக் கட்டை நகர்ந்த காலை

சாய்ந்தமருதில் கரைவலைக் கயிறுகளைப் பொருத்திக்கொண்டிருந்த ஸலாஹுதீனை 1956இல் பாலம் கட்டுகிறவர்கள் வேலைக்கு எடுத்தார்கள். நடுத்தூண்களை வெள்ளம் இரண்டு தரம் கொண்டுபோன ஆறு அது. அதனால் ஆற்றுக்குள் தூணே வேண்டாம் என்று புதுமாதிரி வரைந்திருந்தார்கள். இரு கரையிலும் உயர்ந்த இரும்புக் கோபுரம். உச்சியிலிருந்து சாய்வாக இறங்கும் உருக்கு வடங்கள் தளத்தைத் தாங்கும். அந்தப் பாரம் கோபுரத்தை ஆற்றுக்குள் இழுத்துவிடாமல், பின்பக்க வடங்கள் மண்ணில் புதைத்த கொங்கிறீட்டுக் கட்டையைப் பிடித்து நிற்கும். தோணி கட்டுகிற முளையைப் போலத்தான் என்று ஸலாஹுதீனுக்கு உடனே விளங்கிற்று.

மனைவி ஜுனைதாவின் தம்பி றவூபையும் அவனே கூட்டிவந்து சேர்த்தான். கோபுரத்தில் ஏறி வடங்களின் கவ்விகளை இறுக்குவது றவூபின் வேலை.

கட்டை பாறைவரை இறங்க வேண்டும் என்றுதான் வரைபடத்தில் இருந்தது. தென்கரைக் குழியில் தண்ணீர் ஊறியதும், வேலையை மேற்பார்த்த ஓவசியர் தோண்டலை நிறுத்தி, மணலிலேயே வார்க்கச் சொன்னார். பாதித் தளம் ஏறிய பிறகு ஒரு காலை, கட்டைக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவுக்கு மணல் விலகியிருந்ததை ஸலாஹுதீன் கண்டான்.

"ஐயா, கட்டை நகருது."

"நீ கயிறு கட்ட வந்தவன். கொங்கிறீட்டுக் கதை கதைக்காத. விருப்பமில்லாட்டி ரெண்டு பேரும் வீட்ட போங்க."

றவூப் கோபுரத்தடியில் நின்றான். "ஏறட்டா மச்சான்?"

ஸலாஹுதீன் ஓவசியரைப் பார்த்தான். பிறகு, "ஏறு," என்றான்.

பத்து மணிக்குக் கட்டை மணலைக் கிழித்துக்கொண்டு வந்தது. கோபுரம் ஆற்றுப்பக்கம் சாய, துள்ளிய வடம் ஒன்று றவூபை அடித்து வீழ்த்தியது. மூன்றாம் நாள் அவனுடைய மையித்து முகத்துவாரத்தில் ஒதுங்கியது.

விசாரணைக்கு ஓவசியர் ஒரு கடதாசி எழுதிவைத்திருந்தார். இறந்தவன் கவ்வியைச் சரியாக இறுக்கவில்லை என்று அதில் இருந்ததை வாசித்துக் காட்டினார். ஸலாஹுதீன் கண்கண்ட சாட்சியாகப் பெருவிரல் அடையாளம் வைத்தான். பாலத்துக் காவல்காரன் வேலை அவனுக்கு நிரந்தரமாயிற்று.

ஊரில் அந்தக் கடதாசியை வாசித்துச் சொன்னவர்களிடமிருந்து ஜுனைதா அறிந்தாள்.

"அவன் இறுக்கல்லயா?"

"இறுக்கினவன்."

வீடு அவளுக்குச் சீதனமாக வந்தது. அவன் உடுத்தும் சாரங்களை மடித்து வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாட்சியை மாற்றிச் சொல்ல ஸலாஹுதீன் விசாரணை நடந்த கந்தோருக்குப் போனான். "விசாரணைக் கோவை மூடியாச்சு. பொய்ச்சாட்சி சொன்னதுக்கு உன்னத்தான் மறியல்ல போடுவாங்க," என்றார் அங்கே எழுத்துவேலை பார்த்த லிகிதர். திரும்பி வந்து காவல் குடிலில் படுத்துக்கொண்டான்.

கட்டையை உடைத்துப் பாறைவரை தோண்டி மறுபடி வார்த்தார்கள். 1959இல் பாலம் திறந்தது. சில வாரங்களில் றவூபைப் பெற்றவரான மாமியார் சபியா உம்மா பஸ்ஸை விட்டு இறங்கி, காவல் குடிலுக்கு வந்தார்.

"மகன், றவூப் எந்த இடத்தில விழுந்தான்?"

கைகாட்டினான். அவர் பாலத்துக் கைப்பிடியைப் பற்றிக் குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.

"ஏற முந்தி பயப்பட்டானா?"

"இல்ல மாமி. என்னட்டக் கேட்டுட்டுத்தான் ஏறினவன்."

அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, அவன் முகத்தைப் பாராமலே, அடுத்த பஸ்ஸுக்குக் கைநீட்டினார்.