சம்பந்தியைக் கூப்பிட ஒரு சொல்

கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் ஏலத்துக்குப் போகிற எல்லோருக்கும் முத்தாத்தாளின் குரல் தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு தோட்டத்தையும் ஏலத்தையும் ஒற்றை ஆளாகப் பார்த்து மகன் சபரீஷைப் படிக்க வைத்தவர். அவன் பாங்காக்கில் வேலைக்குப் போன இடத்தில் பிளாய் என்ற தாய்லாந்துப் பெண்ணை விரும்பினான். கல்யாணம் நம் ஊரில்தான் என்றான். முத்தாத்தாள் மறுக்கவில்லை. ஒன்றுதான் உறுத்தியது. சம்பந்தியை வாய் நிறையச் சாப்பிடக் கூப்பிட முடியாவிட்டால் அது என்ன கல்யாணம்?

"நாஞ் சொல்லிக்கறேன்ம்மா" என்றான் சபரீஷ் போனில்.

"நீ கூப்புட்டா அது உன்ற கூப்பாடு கண்ணு. நாங் கூப்புடோணும். சொல்லிக் குடு."

கின் என்றால் சாப்பிடு. மகன் பேசி அனுப்பியதைத் தார்களுக்கு நடுவில் நின்று திரும்பத் திரும்பச் சொன்னார். "ச்சான் கின் குளுவாய்." நான் வாழைப்பழம் சாப்பிடுகிறேன். அதுதான் முதலில் வாயில் நின்றது.

"ஏனுங்க்கா, தாரெல்லாம் இனித் தாய்லாந்துக்குத்தானுங்களா?" என்று சீண்டினார் வியாபாரி வேங்கடசாமி.

"நீங்க கேக்கற வெலைக்கு அதே தேவலைங்க."

முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி போட்டாயிற்று. பிளாயின் அம்மா மட்டும் உட்காரவில்லை. யார் கை காட்டினாலும் சிரித்துக் கும்பிட்டுவிட்டு ஓரமாகவே நின்றார். "சம்பந்தியம்மா சாப்புடாமயே போயிருவாங்களாட்ட இருக்குது" என்று யாரோ முணுமுணுத்தது முத்தாத்தாளுக்குச் சுருக்கென்றது. மேடையிலிருந்து எழுந்த சபரீஷைக் கையமர்த்திவிட்டு அவரே போனார்.

"மா கின் காவ்." வந்து சாப்பிடுங்கள் என்று அர்த்தம். ஆனால் மொட்டையாக விட மனசு வரவில்லை. "மா கின் காவ்ங்க" என்றார்.

அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "குன் கின் ரூ யாங்?" என்று திருப்பிக் கேட்டார்.

நீங்கள் சாப்பிட்டாச்சா? யாரும் சொல்லாமலே முத்தாத்தாளுக்குப் புரிந்துவிட்டது. விடிந்ததிலிருந்து அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "யாங் மாய் கின்" என்றார். இன்னும் இல்லை.

சம்பந்தி அவர் கையைப் பிடித்து, காலியாக இருந்த இரண்டு இலைகளைக் காட்டினார். இவ்வளவு நேரம் காத்திருந்தது இதற்குத்தான்.

கல்யாணக்காரர் முதல் பந்தியில் உட்காருவது வழக்கமில்லை. முத்தாத்தாள் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் தயங்கினார்.

"என்ன பாக்கறீங்க தம்பி, சம்பந்திக்கு இன்னொரு ஒப்புட்டு வைங்க" என்றவர், பக்கத்து இலையைப் பார்த்து ஏலக் குரலில், "கின் ஈக்குங்க! கின் ஈக்கு!" என்றார்.

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இன்னும் சாப்பிடச் சொல்கிறார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.