கை கொடுக்கப் போனவள்

விசுவாசம் போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆனது. அது போனதற்குக் காரணம் சாவும் இல்லை, சண்டையும் இல்லை. ஒருநாள் காலையில் அம்பத்தூர் ஸ்டேஷனில் நின்றபடி பழக்கத்தில் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தேன். கேட்க அந்தப் பக்கம் யாருமே இல்லை என்று பட்டது. அவ்வளவுதான். ரயில் வந்தது, வேலைக்குப் போய்விட்டேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, கோவில்பதாகை வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, இனிமேல் சர்ச்சுக்கு வரமாட்டேன் என்றேன். அவள் முதலில் பார்த்தது என் காதை. நகையைக் கழற்றச் சொல்லும் வேறு ஏதாவது சபையில் சேர்ந்துவிட்டேனோ என்று பயம். கம்மல் இருக்கிறதே என்று குழம்பிப்போய், முழுக்கு ஞானஸ்நானம் வாங்கிட்டியா, எந்தத் தெருவில் ஜெபக்கூட்டம் என்று துருவித் துருவிக் கேட்டாள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். எந்தச் சபையும் இல்லை, ஆண்டவரே இல்லை என்று கத்திவிட்டேன். அம்மா குனிந்து அடுத்த கீரைத்தண்டை ஒடித்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு, சர்ச்சில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து உண்டு. அம்மாவுக்கு மூட்டுவலி. பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டால் எழுப்பிவிட ஆள் வேண்டும். அப்பா போனபிறகு அது என் வேலை. அன்றைக்குப் புடவை கட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நானே ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

பீடம்வரை நடத்திப்போய் மெல்ல முழங்கால் போடவைத்தேன். நிமிர்வதற்குள் என் பக்கத்திலும் ஆள் வந்துவிட்டது. நானும் முழங்கால் போட வேண்டியதாயிற்று. போதகர் ஒவ்வொருவர் கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே வந்தார். வாங்கினால் பொய். வாங்காவிட்டால் அம்மா கதி? திருவிருந்து எடுக்காதவள் என்ன பாவம் பண்ணினாளோ என்று எங்கள் சபை ஆட்கள் ஒரு மாசம் பேசுவார்கள், அதுவும் அவள் காதுபட. அம்மா வாங்கிக்கொண்டாள். அடுத்தது நான். அவளுக்காகப் பொய் சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்கிவிட்டேன்.

அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இவ எனக்குக் கை குடுக்க வந்தா, ஐயா."

பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். போதகர் ஒரு நிமிஷம் தயங்கி, என்னைத் தாண்டிப் போனார். நான் அம்மாவைக் கைத்தாங்கலாக எழுப்பிவிட்டேன்.

வரும் வழியில் ஆட்டோக்காரர் பள்ளத்தில் இறக்குகிறார் என்று மட்டும் முணுமுணுத்தாள். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில், பக்கத்து வீட்டுப் பெண்ணின் பிரசவம், என் தலைவலி என்று ஒவ்வொன்றாக வேண்டினாள். நான் கண்ணைத் திறந்துகொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆண்டவரே, எம்பொண்ணு இன்னைக்கு உமக்காக வரல, எனக்காக வந்தா. அதுக்கும் ஸ்தோத்திரம்."

வழக்கமாக நான் ஆமென் சொல்கிறேனா என்று பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. நான் சொன்னேன்.