ரேடியோ அக்கா வாய் மூடிய வாரம்

முன்னறையிலிருந்து மறுபடியும் சிரிப்புச் சத்தம் வெடித்தது.

உள்ளே கட்டிலில் கிடந்த ரேடியோ அக்கா, கன்னத்தில் வைத்திருந்த ஐஸ் பையை வீசி எறிந்தாள். அவளுடைய பார்லரில், அவள் இல்லாமல், சிரிப்பா? பல் பிடுங்கிய குழியைவிட நெஞ்சு அதிகமாக வலித்தது.

வீட்டின் முன்னறைதான் பார்லர். இரண்டு சுழல் நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, ஓயாத ஒரு வாய். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்த மாடியில் நேற்று சண்டை என்று, வெட்டுகிற முடியோடு ஊர்க்கதையும் உதிரும். தெரு கேலியாக வைத்த 'ரேடியோ' என்ற பெயரை அவள் பட்டமாகவே சூடிக்கொண்டாள்.

"என் பேச்சுக்குத்தான் கூட்டம் வருது. கத்தரிக்கோலை யார் வேணா பிடிக்கலாம்," என்பாள். சொல்லும்போது கண் பக்கத்து நாற்காலியில் முடி வெட்டுகிறவள் மேல் இருக்கும். அவள் அக்காவுடைய புருஷனின் தங்கை, ஒரு வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாதவள். அக்கா அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான்.

கோணலாக முளைத்த ஞானப்பல்லை எலும்பை ராவி எடுத்துத் தையல் போட்ட டாக்டர், "தையல் பிரிக்கிற வரைக்கும் பேசக் கூடாது," என்று சொல்லிவிட்டார். கூடப் போன புருஷன் அவருக்கு இரண்டு தடவை கும்பிடு போட்டான். கடங்காரன்!

அக்கா கதவோரம் காதை வைத்தாள். ஊமைக்கோட்டான் கதையொன்றும் சொல்லவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டாள். அவ்வளவுதான், வந்தவர்களெல்லாம் தங்கள் சொந்தக் கதையைக் கொட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவர்களுக்கெல்லாம் கதைகூட இருக்கிறதா?

அப்போதுதான் பேங்க் மேனேஜரம்மாவின் குரல் கேட்டது.

"உங்கண்ணி படுத்திருக்காங்களா? பரவாயில்ல, நீயே வெட்டிடு."

பரவாயில்லையா! மேனேஜரம்மா ஒரு நாற்காலி மாறினால் அந்த பேங்க்கே அவர் பின்னால் மாறிவிடும். அப்புறம் இந்தப் பார்லரில் முதலாளி யார், எடுபிடி யார்? அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். ஒரு பக்கக் கன்னம் பன் போல உப்பியிருந்தது.

"ஏன் அண்ணி எழுந்து வந்தீங்க? போய்ப் படுங்க, நான் பார்த்துக்கறேன்."

'நீ பார்த்துக் கிழிச்சது போதும்' என்று கண்ணாலேயே சொல்லி, கத்தரிக்கோலைப் பிடுங்கினாள் அக்கா.

"ஐயோ பாவம்! பேசவே கூடாதா?" என்றார் மேனேஜரம்மா.

அக்கா தலையாட்டினாள்.

"ஒரு வார்த்தைகூட?"

மறுபடியும் தலையாட்டினாள்.

"அப்ப நீங்களே வெட்டுங்க," என்று நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார் அந்தம்மா.

எப்போதும் அக்காவின் பார்வை கண்ணாடியில்தான் இருக்கும். கதை எடுபடுகிறதா என்று எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டாமா? இன்று கதையில்லை. வேறு வழியில்லாமல் முடியைப் பார்த்தாள். சீவினாள், வகிர்ந்தாள், இரண்டு பக்கத்தையும் இழுத்து ஒப்பிட்டு நறுக்கினாள். மேனேஜரம்மா லேசாகக் குறட்டைகூட விட்டார்.

எழுந்து கண்ணாடியைப் பார்த்தவருக்குக் கண் விரிந்தது.

"அடேயப்பா! ரெண்டு பக்கமும் சமமா இருக்கே!"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உண்மையைச் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குப் போய் இடது பக்கத்தை நானே நறுக்கிக்குவேன். நீங்க கதை சொல்ற வேகத்துல நடுவுல எப்படிச் சொல்றது?"

"நீங்களுமா மேடம்?" என்று துள்ளினாள் காத்திருந்த தையல்காரி. "எனக்கு எங்க வீட்டுக்காரர்தான் நறுக்கிவிடுவார்!"

ஊமைக்கோட்டான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

மேனேஜரம்மா கைப்பையை மாட்டிக்கொண்டார். "அடுத்த மாசமும் உங்ககிட்டதான். ஆனா இதே மாதிரி வாயைக் கட்டிக்கிட்டு வெட்டணும். சரிதானே?"

பதில் சொல்ல அக்கா வாயைத் திறக்கப் போனாள். தையல் சுரீரென்று இழுத்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அது பல்வலி என்றே எல்லோரும் நினைத்துவிட்டால் தேவலை! உப்பிய கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டு, மெதுவாக, சரியென்று தலையசைத்தாள்.

மேனேஜரம்மா கண்ணாடியில் இப்படியும் அப்படியும் தலையைத் திருப்பி ஒருமுறை ரசித்துவிட்டு வெளியே நடந்தார். அவர் பின்னால் கதவு சாத்திக்கொண்டது.