செக்போஸ்ட்டில் திறந்த பெட்டி

அப்பாவுக்கு யாரையும் நம்பத் தெரியாது. நெல் அளக்க வருகிறவரின் மரக்காலைக் கூடக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். அதனால் பட்டணத்து மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒருவர் அம்பகரத்தூருக்கு ஜீப்பில் வந்து இறங்கியபோதே நான் அப்பாவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் வந்தது ஒரு நீர்நாய்க்காக. எங்கள் வயலை ஒட்டிய குளத்தில், மீன் வலையில் ஒரு பெண் நீர்நாய் சிக்கியிருந்தது. மீனையெல்லாம் தின்று தீர்க்கிறது என்று அதை அடித்துப்போட ஆட்கள் தயாராக நின்றார்கள். நான்தான் கெஞ்சிக் கூத்தாடித் தடுத்து, கல்லூரி விலங்கியல் ஆசிரியை மூலம் தகவல் அனுப்பியிருந்தேன். வந்தவர் எதையும் மறைக்கவில்லை. தோலுக்காகப் பிடித்துப் பிடித்து இந்த இனமே அருகிவிட்டது; அவர்களிடம் ஓர் ஆண் மட்டும் இருக்கிறது; ஜோடி சேர்த்தால் குட்டிகள் கிடைக்கும் என்றார்.

"தோல் வியாபாரியும் இதத்தான் சொல்லுவான்" என்றார் அப்பா, அவர் காதில் விழும்படியே. எனக்கு மானம் போயிற்று.

மரப்பெட்டியை ஈரச்சாக்கால் மூடி ஏற்றினார்கள். காரைக்கால் எல்லை வரை நானும் ஆசிரியையும் கூடப் போனோம். செக்போஸ்ட்டில் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தார். குறுக்கு வழியில் முந்தி வந்து, மூடின பெட்டியோடு ஒரு ஜீப் வருகிறது, திறந்து பாருங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், அப்போது மதுவிலக்கு. காரைக்காலிலிருந்து மூடிப் போகிற எதுவும் அந்தக் காவலர்களுக்குப் பாட்டில்தான்.

"உள்ள நீர்நாய் இருக்குங்க, திறக்காதீங்க" என்று கெஞ்சினார் மிருகக்காட்சிசாலைக்காரர்.

"எல்லாரும் ஒண்ணு சொல்லுவாங்க. போன வாரம் ஒருத்தன் பொணம்னான்" என்றபடி காவலர் தாழ்ப்பாளை நீக்கினார்.

பழுப்பாக ஏதோ அவர் கால்களுக்கிடையே பாய்ந்தது. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் கலங்கியது, அவ்வளவுதான். வந்தவர் மதகின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

"தோல் போச்சேன்னு அழுவுறான்" என்றார் அப்பா. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கல்யாணமாகி நான் பட்டணத்தில் இருந்தபோது அப்பா பார்க்க வந்தார். மிருகக்காட்சிசாலைக்குப் போகலாம் என்று அவரேதான் சொன்னார். அந்த ஆள் சொன்னது நிஜமா என்று சோதிக்கத்தான், எனக்குத் தெரியாதா. நீர்நாய்த் தொட்டியில் ஒன்றே ஒன்று, நரைத்த மூஞ்சியோடு, சுவரோரமாகவே சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு மீன் போட வந்த ஊழியரிடம் கேட்டார்.

"இதுக்கு ஜோடி இல்லீங்களா?"

"ஒண்ணு வரவேண்டியதுங்க. காரைக்கால்ல எவனோ செக்போஸ்ட்ல போட்டுக் குடுத்துட்டானாம். அதுக்கப்புறம் கிடைக்கவே இல்ல." அவர் அப்பாவை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த ஊருங்க?"

"கும்பகோணம்" என்றார் அப்பா.